விடைப் பக்கத்தைச் சற்று மூடிவைப்போம்

வழிகாட்டி நூலொன்றில் இடம்பெற்றுக்கொண்டு வழிகாட்டி நூல்களைக் குறைகூறுவது பொருத்தமற்றதாகச் சிலருக்குத் தோன்றலாம். ஆயினும் க.பொ.த. சாதாரண தர வகுப்புகளில் பல ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருபவன் என்ற வகையில், இந்நூலைக் கையில் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு விடயத்தைக் கூறியே ஆகவேண்டியுள்ளது. நூலின் பின்பகுதியில் அச்சிடப்பட்டிருக்கும் விடைகள் உங்களுக்கு உதவுவதைவிடக் கூடுதலாகக் கேடு செய்கின்றன என்பதே அது. விடைகள் இருப்பது தவறன்று. அவற்றை நாம் எந்த நேரத்தில் திறக்கின்றோம் என்பதுதான் தவறு.

முதலாம் பாடவேளைக்கு மணி அடிப்பதற்குச் சற்று முன்னர் எந்த வகுப்பறையையும் எட்டிப் பாருங்கள். கடைசி வாங்கில் ஒரு கொப்பி திறந்திருக்கும். அதைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள் குனிந்திருக்கும். முன்னர் அந்தக் கொப்பியின் இடத்தில் ஒரு வழிகாட்டி நூல் இருந்தது. இப்போது கைத்தொலைபேசியில் வினாவைப் படம் பிடித்தால் படிமுறையுடன் விடை தரும் செயலிகளும் வந்துவிட்டன. கருவி மாறியிருக்கின்றதே தவிர, வேலை ஒன்றுதான். வீட்டுவேலை "செய்யப்பட்டு" விடுகின்றது. மாணவர் எதையும் செய்யவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் தரம் 11 மாணவர்களுக்கு நான் ஒரு வீட்டுவேலை கொடுத்தேன். அப்போது வகுப்பில் எல்லோரும் பயன்படுத்திய ஒரு வழிகாட்டி நூலிலிருந்தே அவ்வினாவை எடுத்தேன். அது பின்வருமாறு.

ஓர் இறங்குதுறையிலிருந்து காலை 6 மணிக்கு ஒரு வள்ளம் புறப்படுகின்றது. அது ஒவ்வொரு மணித்தியாலத்திலும் 4 கிலோமீற்றர் கிழக்காகவும் 3 கிலோமீற்றர் வடக்காகவும் நேர்கோட்டில் இடம்பெயர்கின்றது. அதே 6 மணிக்கு, இறங்குதுறைக்கு நேர் கிழக்கே 8 கிலோமீற்றர் தூரத்திலிருந்து இரண்டாம் வள்ளம் புறப்பட்டு மணித்தியாலத்துக்கு 6 கிலோமீற்றர் வீதம் நேர் வடக்காகச் செல்கின்றது. இரு வள்ளங்களும் மோதுமா?

நூலின் பின்பக்கத்தில் விடை இருந்தது: "ஆம். இறங்குதுறையிலிருந்து 8 கிலோமீற்றர் கிழக்கும் 6 கிலோமீற்றர் வடக்குமான புள்ளியில் மோதும்." மறுநாள் கொப்பிகள் வந்தன. முதல் ஏழு கொப்பிகளிலும் இதே விடை இருந்தது. ஏழுக்கும் நான் சரி போட்டேன். எட்டாவது கொப்பி ஒரு மாணவியுடையது. அதில் கணக்கே சரியாக இல்லை என்று முதலில் எண்ணினேன். ஒரு படம் வரைந்து, இரண்டு கோடுகளின் மீதும் சிறு புள்ளிகள் இட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் 6, 7, 8 என்று மணியை எழுதியிருந்தாள். கீழே "மோதாது" என்று ஒரே சொல். நூலில் மோதும் என்றல்லவா இருக்கின்றது என்று அவளை அழைத்துக் கேட்டேன். "சேர், முதலாவது வள்ளம் அந்த இடத்துக்கு வாறதுக்குள்ள மற்றது போயிடும் தானே?" என்றாள்.

அவள் கூறியதுதான் சரி. நூலின் விடை பிழை. அதைப் பார்த்தெழுதிய மாணவர்கள் பிழை. சரி போட்ட நானும் பிழை. அன்று வகுப்பில் அதை ஒப்புக்கொண்டேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அந்த எட்டாவது கொப்பிதான்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதைச் சற்று ஆறுதலாகப் பார்ப்போம். எழுத்துக் குறியீடுகளை விடுத்து இங்கு எல்லாவற்றையும் சொல்லாகவே எழுதுகின்றேன். உங்கள் கொப்பியில் நீங்கள் வழமையான குறியீடுகளை இட்டுக்கொள்ளலாம்.

முதலாம் வள்ளத்துக்கு:
கிழக்குத் தூரம் = 4 × நேரம்
வடக்குத் தூரம் = 3 × நேரம்

இரண்டாம் வள்ளத்துக்கு:
கிழக்குத் தூரம் = 8
வடக்குத் தூரம் = 6 × நேரம்

இங்கு நேரம் என்பது காலை 6 மணியிலிருந்து கழிந்த மணித்தியாலங்கள். இவ்வாறு ஓர் இடத்தின் இரு ஆள்கூறுகளையும் மூன்றாவதான ஒரு கணியத்தின் மூலம் தருகின்ற சமன்பாடுகளே பரமானச் சமன்பாடுகள். நேரம்தான் இங்கு பரமானம். இச்சொல்லை உயர்தர இணைந்த கணிதத்தில்தான் முறையாகச் சந்திப்பீர்கள். ஆனால் இதற்கு வேண்டிய கருவிகள் யாவும் இப்போதே உங்களிடம் உள்ளன: ஆள்கூற்றுத் தளம், நேர்கோட்டு வரைபு, ஒருங்கமை சமன்பாடுகள், பைதகரசு தேற்றம்.

நூலின் விடையை எழுதியவர் என்ன செய்திருப்பார்? முதலாம் வள்ளத்தின் சமன்பாடுகளிலிருந்து நேரத்தை நீக்கியிருப்பார். வடக்குத் தூரம் கிழக்குத் தூரத்தின் நான்கில் மூன்று என்ற நேர்கோடு கிடைத்திருக்கும். அதில் கிழக்குத் தூரத்துக்கு 8 ஐப் பிரதியிட, வடக்குத் தூரம் 6. இரு கோடுகளும் வெட்டுகின்றன. ஆகவே மோதும்! செய்கையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அவர் வெட்டச் செய்தது பாதைகளை, வள்ளங்களை அல்ல. நேரத்தை நீக்கிய அதே கணத்தில், வினா எதைக் கேட்டதோ அதுவும் நீங்கிவிட்டது. முதலாம் வள்ளம் அப்புள்ளிக்கு வரும்போது 4 × நேரம் = 8, அதாவது 2 மணித்தியாலம். காலை 8 மணி. இரண்டாம் வள்ளம் வரும்போது 6 × நேரம் = 6, அதாவது 1 மணித்தியாலம். காலை 7 மணி. ஒன்று வந்து சேரும்போது மற்றது புறப்பட்டுப் போய் ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. இரு பேருந்துகள் ஒரே சந்தியால் ஒரே நாளில் செல்வதாலேயே அவை மோதிக்கொள்வதில்லை அல்லவா?

மோதாது என்று கூறிவிட்டால் வினா முடிந்துவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு நல்ல வீட்டுவேலை அடுத்த கேள்வியைத் தானாகவே கொண்டுவரும். எவ்வளவு அண்மையில் வந்தன? இரண்டாம் வள்ளம் முதலாம் வள்ளத்திலிருந்து எந்நேரமும் (8 − 4 × நேரம்) கிழக்கிலும் (3 × நேரம்) வடக்கிலும் உள்ளது. பைதகரசு தேற்றத்தின்படி,

தூரத்தின் வர்க்கம் = 25 × நேரம்² − 64 × நேரம் + 64

இதனை நிறைவர்க்கமாக மாற்றினால்,

தூரத்தின் வர்க்கம் = (5 × நேரம் − 6.4)² + 23.04

வர்க்கமொன்று பூச்சியத்திலும் குறைய முடியாது. ஆகவே 5 × நேரம் = 6.4 ஆகும்போது, அதாவது 1.28 மணித்தியாலத்தில், தூரத்தின் வர்க்கம் மிகக் குறைந்து 23.04 ஆகும். தூரம் 4.8 கிலோமீற்றர். ஏறத்தாழ காலை 7 மணி 17 நிமிடத்துக்கு இரு வள்ளங்களும் ஒன்றுக்கொன்று மிக அண்மையில் இருந்தன. அப்போதும் அவற்றுக்கிடையே கிட்டத்தட்ட ஐந்து கிலோமீற்றர் கடல்.

நிறைவர்க்கமாக்குவது எதற்கு என்று கேட்கும் மாணவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். தேவேந்திரமுனைக்குத் தெற்கே இரவும் பகலும் செல்லும் சரக்குக் கப்பல்களில் கடமையிலிருக்கும் அதிகாரி, ராடார் திரையில் தெரியும் மற்றக் கப்பலைப் பற்றி முதலில் அறிய விரும்புவது இந்தக் கணியத்தையே. எவ்வளவு அண்மையில் வரும்? எத்தனை நிமிடத்தில் வரும்? இன்று கருவி அதைக் கணித்துக் கொடுக்கின்றது. கருவிக்குள்ளே இருப்பது நாம் மேலே செய்த கணக்குத்தான்.

காவி என்ற சொல்லையும் இவ்விடத்தில் கவனியுங்கள். விஞ்ஞான பாடத்தில் காவிக் கணியம், எண்ணிக் கணியம் என்று மனனம் செய்து வைத்திருப்பீர்கள். அயர்லாந்துக் கணிதவியலாளர் வில்லியம் ரோவன் ஹமில்ற்றன் 1840களில் இக்கணியத்துக்கு இட்ட பெயர், "காவிச் செல்வது" என்று பொருள்படும் இலத்தீன் சொல். தமிழிலும் அதே பொருளில் காவி என்றே வைத்திருக்கின்றோம். டெங்கு நுளம்பை நோய்க்காவி என்பதும் இதே பொருளில்தான். தண்ணீர்க் குடத்தைக் காவுவது போல, 4 கிழக்கு 3 வடக்கு என்ற காவி வள்ளத்தை ஒரு மணித்தியாலத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் காவிச் செல்கின்றது. இப்படி எண்ணிப் பார்த்தால், 4 ஐயும் 3 ஐயும் கூட்டி 7 என்று எழுதும் கை தானாகவே தயங்கும். கிழக்கே 4, பின்னர் வடக்கே 3 என்று நடந்தவரின் கால்கள் 7 கிலோமீற்றர் நடந்திருக்கும். அவரது இடப்பெயர்ச்சியோ 5 கிலோமீற்றர் மட்டுமே.

இனி மாதிரியாக்கம். கணிதம் சற்றுப் பொய் சொல்லும் இடம் இது. அந்தப் பொய்யை வெளிப்படையாக எழுதிவைக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மேலேயுள்ள கணக்கில் வள்ளங்களைப் புள்ளிகளாக எடுத்துக்கொண்டோம். வேகம் மாறாது என்றோம். காற்று இல்லை, நீரோட்டம் இல்லை என்றோம். சோழகக் காற்று வீசும் மாதங்களில் கடலுக்குப் போய் வந்தவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். அவர் சிரிப்பது நியாயமே. ஆனால் அவரது சிரிப்புக்கும் நாம் கணிதத்தால் பதில் சொல்லலாம். கிழக்கு நோக்கி மணித்தியாலத்துக்கு 1 கிலோமீற்றர் வீதம் நீரோட்டம் உண்டு என்றும், இரு வள்ளங்களும் நீர் சார்பாக முன்னர் சென்ற வேகத்திலேயே செல்கின்றன என்றும் கொள்வோம். முதலாம் வள்ளம் இப்போது மணித்தியாலத்துக்கு 5 கிழக்கு, 3 வடக்கு. இரண்டாம் வள்ளம் 1 கிழக்கு, 6 வடக்கு. பாதைகள் வெட்டும் இடம் மாறிவிடும். ஆனால் இரு வள்ளங்களுக்கும் இடையிலான வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். நீரோட்டம் இரண்டையும் ஒரே அளவில் காவிச் செல்வதால் அது வெட்டுப்பட்டுப் போகும். மிகக் குறைந்த தூரம் முன்போலவே 4.8 கிலோமீற்றர்! இதை முதன்முறை கரும்பலகையில் கண்டபோது வகுப்பு முழுவதும் ஒரு கணம் மௌனமாக இருந்தது. விடைப் பக்கம் எதுவும் இந்த மௌனத்தைத் தராது.

எந்த எடுகோளை விடலாம், எதை விடக்கூடாது என்பது வினாவைப் பொறுத்தது. கலிலியோ 1638 இல் வெளியிட்ட நூலில், எறியப்பட்ட பொருளின் கிடை இயக்கத்தையும் நிலைக்குத்து இயக்கத்தையும் தனித்தனியே எடுத்து, பாதை பரவளைவு என்று காட்டினார். காற்றின் தடை இதைக் குழப்பும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. இதையே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். 20 மீற்றர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு பந்து கிடையாக செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் எறியப்படுகின்றது. புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால்,

கிடைத் தூரம் = 10 × நேரம்
உயரம் = 20 − 5 × நேரம்²

உயரம் பூச்சியமாகும்போது நேரம்² = 4. பார்த்தெழுதும் மாணவர் "நேரம் = 2" என்று எழுதுவார். சற்றுக் கவனமானவர் "+2 அல்லது −2" என்று எழுதி −2 ஐ வெட்டிவிடுவார். ஏன் வெட்டினீர் என்று கேட்டால், "மறை எண் வராது சேர்" என்பார். மறை எண் ஏன் வராது? கணிதத்தில் தாராளமாக வரும். பந்து எறியப்படுவதற்கு 2 செக்கன் முன்னர் நமது சமன்பாடு செல்லுபடியாகாது என்பதே காரணம். எறியுமுன் பந்து கையில் இருந்தது. "நேரம் பூச்சியத்திலும் குறையாதது" என்று முதல் வரியிலேயே எழுதியவருக்கு இதில் ஐயமே எழாது. பந்து 20 மீற்றர் தூரத்தில் விழும். அதே கட்டடத்திலிருந்து ஒரு பஞ்சுத் துண்டை எறிந்தால் 20 மீற்றர் என்ற விடைக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. சமன்பாடு மாறவில்லை, எடுகோள்தான் பொருந்தவில்லை.

அலகு எழுதாமல் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1999 செப்டெம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலை ஆய்வுக்கலம் செவ்வாயை அடைந்த வேளையில் அழிந்துபோனது. ஒரு கணினிச் செய்நிரல் கணத்தாக்கை இறாத்தல் விசை செக்கனில் கொடுக்க, அதைப் பெற்றுக்கொண்டவர்கள் நியூற்றன் செக்கன் என எடுத்துக்கொண்டார்கள். அலகுக்காக ஒரு புள்ளி குறைத்தால் என்னுடன் வாதாட வரும் மாணவர்களுக்கு இக்கதையைச் சொல்வதுண்டு. வாதம் நின்றுவிடும்; அலகு மட்டும் அடுத்த வாரமும் வராது!

எனது கருத்து இதுதான். இத்தகைய கணக்கில் நடுப்பகுதி மிக இலகுவானது. பிரதியிடுதல், சுருக்குதல், தீர்த்தல் ஆகியவற்றை ஒரு செயலியும் செய்யும். கடினமானவை முதல் வரியும் கடைசி வரியும். முதல் வரியில் வினாவின் வசனம் படமாகவும் குறியீடாகவும் மாறுகின்றது. உற்பத்தி எங்கே, எத்திசை நேர், நேரம் எப்போது தொடங்குகின்றது, எவற்றைப் புறக்கணித்தோம் என்பன அங்கே தீர்மானமாகின்றன. கடைசி வரியில் எண் மீண்டும் வசனமாகின்றது. விடைப் பக்கத்தில் பெரும்பாலும் இவ்விரண்டும் அச்சிடப்படுவதில்லை. அங்கு இருப்பது நடுப்பகுதி மட்டுமே. அதைப் பார்த்தெழுதுபவர், இலகுவான பகுதியைப் பத்துத் தடவை பழகிவிட்டுக் கடினமான பகுதியை ஒருமுறைகூடத் தொடாமல் பரீட்சை மண்டபத்துக்குள் நுழைகின்றார். சாதாரண தரத்தில் பழக்கப்பட்ட வினாக்கள் வருவதால் ஒருவாறு தப்பிவிடலாம். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தை எடுக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். நல்ல பெறுபேறு பெற்று வந்த பிள்ளைகள் முதலாம் தவணையிலேயே துறையை மாற்ற விண்ணப்பிப்பதைக் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு ஆற்றல் இல்லை என்று நான் ஒருபோதும் நம்பவில்லை. வெற்றுத் தாளில் முதல் வரியை எழுத அவர்களை யாரும் விட்டதில்லை.

இதில் மாணவர்களை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையன்று. பாடசாலை முடிந்ததும் ஒரு தனியார் வகுப்பு, அது முடிய இன்னொன்று, இரவில் பல பாடங்களின் வீட்டுவேலை. இருபது கணக்குகளை ஒரே இரவில் கேட்கும் ஆசிரியரே பார்த்தெழுதுவதற்கு வழிவிடுகின்றார். நானும் அப்படிக் கேட்டவன்தான். இப்போது ஐந்து கணக்குகளுக்கு மேல் கொடுப்பதில்லை. பெற்றோர் சிலர் கொப்பியின் பக்கங்கள் குறைந்துவிட்டன என்று குறைப்படுகின்றார்கள். பொறுத்துக்கொள்கின்றேன்.

பரீட்சைக்கு முன்னர் மாதிரி விடைகளைப் பார்க்காமல் எப்படி என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கின்றது. பாருங்கள். புதிய அலகொன்றைத் தொடங்கும்போது, செய்துகாட்டப்பட்ட ஓர் உதாரணத்தை வரிவரியாக வாசிப்பது மிகவும் நல்லது. பயிற்சிக்கு வந்தபின் விடைப் பக்கங்களை ஒரு கிளிப்பால் பிடித்து மூடிவையுங்கள். படத்தை வரையுங்கள். முதல் வரியைச் சொற்களில் எழுதுங்கள். பத்து நிமிடம் முயன்றும் நகரவில்லையா? எந்த இடத்தில் நின்றீர்கள் என்று ஒரு வசனம் எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குச் செல்லுங்கள். மறுநாள் அந்த வசனத்துடன் ஆசிரியரிடம் வாருங்கள். "எனக்கு விளங்கவில்லை" என்று சொல்லும் மாணவருக்கு எங்கிருந்து உதவத் தொடங்குவது என்று ஆசிரியருக்குத் தெரியாது. "இரண்டாம் வள்ளத்துக்கும் அதே நேரத்தைப் போடலாமா என்று தெரியவில்லை" என்று எழுதியிருப்பவருக்கு இரண்டு நிமிடம் போதும். பிழையான செய்கையை அழிறப்பரால் அழிக்கவும் வேண்டாம். ஒரு கோடு இழுத்துவிட்டுத் தொடருங்கள். பிழை எங்கே என்பது உங்களுக்கும் எனக்கும் தெரிய வேண்டும். அந்த மாணவியின் கொப்பியிலும் வெட்டப்பட்ட வரிகள் மூன்று இருந்தன.

இன்றிரவுக்கு ஒரு வினா. மேற்கூறிய இரு வள்ளங்களும் முன்னர் கூறிய பாதைகளில் முன்னர் கூறிய வேகங்களுடனேயே செல்கின்றன. முதலாம் வள்ளம் காலை 6 மணிக்கே புறப்படுகின்றது. இரண்டாம் வள்ளம் எத்தனை மணிக்குப் புறப்பட்டால் இரண்டும் உண்மையிலேயே மோதும்? அது காலை 6.30 க்குப் புறப்பட்டால், இரண்டும் மிக அண்மையில் வரும்போது இடைத்தூரம் எவ்வளவு? நீங்கள் செய்த எடுகோள்களை முதலில் எழுதுக. இவ்வினாவுக்குரிய விடை இந்நூலின் எப்பக்கத்திலும் தரப்படவில்லை.